வீக்கமும் வறுமையும்: சிறுநீரக நோயறிவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மருத்துவ வரலாறு என்ற பெயரில் எழுதப்படுவது பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறேயாகும். எவர் எந்நோயைக் கண்டறிந்தார், எவர் எம்மருந்தை ஆக்கினார் என்ற முறையில் அது அமைந்துவிடுகின்றது. நோயுற்றுக் கிடந்தவர் எவர், அவர் எந்தச் சமுதாயப் பிரிவைச் சார்ந்தவர், அவருடைய உடலை உயிரோடிருந்தபோதும் இறந்தபின்னரும் ஆராயும் வாய்ப்பு மருத்துவருக்கு எவ்வாறு கிட்டியது என்பன போன்ற வினாக்கள் அவ்வரலாற்றில் அருகியே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை ஒரேயொரு நோய்க்குறியை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்குறி வீக்கம்.

தாதியர் பயிற்சிக்குரிய பாடநூல்களிற் சிறுநீரக நோய்கள், ஈரல் நோய்கள், இதய நோய்கள் ஆகியன வெவ்வேறு அத்தியாயங்களில் இடம்பெறுகின்றன. மாணவி இவையனைத்திலும் வீக்கத்தைச் சந்திக்கின்றாள். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகின்றதா என்று பார்க்கவும், நோயாளரின் நிறையை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளக்கவும், அவர் அருந்திய நீரையும் கழித்த நீரையும் தனித்தனியே குறித்துவைக்கவும் அவள் பயிற்றப்படுகின்றாள். ஒரே குறி எவ்வாறு பல அத்தியாயங்களிலே சிதறிக் கிடக்கின்றது? விடை எளிது. அவ்வத்தியாயங்கள் யாவும் ஒரு காலத்தில் ஒரே அத்தியாயமாக இருந்தன.

பண்டைய மருத்துவ முறைகள் அனைத்தும் வீக்கத்தை ஒரு நோயின் அடையாளமாகவன்றி நோயாகவே கருதின. தமிழ் மருத்துவம் சோபை என்றும் ஊதல் என்றும் மகோதரம் என்றும் பெயரிட்டது. பாண்டு, காமாலை ஆகியவற்றோடு சோபையை இணைத்துப் பேசியது. ஐரோப்பாவிலே கலெனின் கோட்பாடு நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. உணவிலிருந்து குருதியை ஆக்கும் உறுப்பு ஈரல் எனக் கலென் கொண்டார். ஆதலின், ஈரல் தன் தொழிலிற் குன்றும்போது குருதிக்குப் பதிலாக நீர் உண்டாகி உடலில் நிரம்புகின்றது என்ற விளக்கம் எல்லா வீக்கத்துக்கும் பொருந்துவதாகக் கொள்ளப்பட்டது. சிறுநீரைப் பார்க்கும் வழக்கம் இங்கும் அங்கும் இருந்தது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையிலே நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என ஐந்து கூறுகள் நோக்கப்பட்டன. புரதம் கலந்த சிறுநீர் மிகுதியாக நுரைக்கும் என்பது இன்று எவரும் அறிந்ததே. எனினும், நுரையைக் குறித்தவர்கள் அந்நுரையைச் சிறுநீரகத்தோடு தொடர்புபடுத்தினார்கள் என்று வலிந்து கூறுதல் பொருந்தாது. நம்மிடையே எல்லாவற்றையும் முன்னரே முன்னோர் கண்டுவிட்டனர் எனச் சொல்லும் ஆர்வம் இருக்கின்றது. அது முன்னோர் உண்மையிற் செய்தது யாதென்று அறிவதற்குத் தடையாகிவிடுகின்றது. அவர்கள் நோயாளரை வைத்து நோயைத் தீர்மானித்தனர். இறந்தவரின் உடலைத் திறந்து உறுப்புகளோடு குறிகளை ஒப்புநோக்கும் நிறுவனம் அவர்களிடம் இருக்கவில்லை. ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் அது பரவலாக இருக்கவில்லை.

வீக்கம் ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுக்குறி என்பதற்கான முதலாவது சான்று மருந்தின் வாயிலாக வந்தது. 1775இல் வில்லியம் விதறிங் என்னும் ஆங்கில மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்துக் குறிப்புப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. ஷிறொப்ஷயரைச் சேர்ந்த முதிய பெண்ணொருத்தி இரகசியமாகப் போற்றிவந்த அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் பயன்தருவது டிஜிற்றாலிஸ் என்னும் செடியே என்று விதறிங் உய்த்துணர்ந்தார். தம்மிடம் இலவசமாகச் சிகிச்சை பெறவந்த ஏழைகளுக்கு அதனைக் கொடுத்து அளவைத் திருத்தினார். 1785இல் நூலாக வெளியிட்டார். நூல் அவருடைய பெயரை நிலைநாட்டியது. அம்முதிய பெண்ணின் பெயரை இன்று எவரும் உறுதியாகச் சொல்லமுடியாது. வரலாற்றாசிரியர்கள் இதனை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிச் செல்வர். நாட்டு வைத்தியப் பெண்களின் அறிவு கல்விபெற்ற ஆண்களின் உடைமையாக மாறிய ஒரு பெரும்போக்கின் சிறு நிகழ்வாக அதனைக் காண்பதே தகும். நிற்க, டிஜிற்றாலிஸ் சிலருடைய வீக்கத்தை இரண்டொரு நாளில் வடியச் செய்தது. வேறு சிலரிடம் எப்பயனும் தரவில்லை. அது இதயத்தின்மேற் செயற்படும் மருந்து. இதயக் குறைபாட்டால் வந்த வீக்கத்தையே அது குறைத்தது. இதனை விதறிங் முழுமையாக அறிந்திருக்கவில்லை. ஆயினும், ஒரே நோயெனப்பட்டது மருந்தின் முன்னே இரண்டாகப் பிரிந்து நின்றது.

இரண்டாவது சான்று நெருப்பின் வாயிலாக வந்தது. இத்தாலியரான டொமினிகோ கொட்டூனியோ வீக்கமுற்ற ஓர் இளம் போர்வீரனின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டை வெண்கருவைப்போல உறைந்ததைக் கண்டு 1764இல் எழுதினார். இங்கிலாந்தில் வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் 1812இலும், ஜோன் பிளக்கல் 1813இலும் இவ்வாறான உறைவைப் பதிவு செய்தனர். செங்காய்ச்சல் வந்து தணிந்தபின் குழந்தைகளுக்கு உண்டாகும் வீக்கத்தையும் வெல்ஸ் ஆராய்ந்தார். எனினும், இவர்களுள் எவரும் இச்சிறுநீர் எவ்வுறுப்பின் பழுதால் உறைகின்றது என்ற முடிவுக்கு வரவில்லை. சிறுநீரைப் பார்த்த கண்களே பின்னர் அந்நோயாளரின் சிறுநீரகத்தையும் பார்க்கவேண்டியிருந்தது. அதுவும் ஒருவரிடமன்றிப் பலரிடம், அடுத்தடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அதற்கு வேண்டியது தனிமனித மேதை மாத்திரமன்று; ஏழைகள் வந்து தங்கி, அங்கேயே இறக்கும் ஒரு கட்டடமுமாகும்.

இலண்டனின் கைஸ் வைத்தியசாலை அத்தகையது. நூல் விற்பனையாற் பொருளீட்டிய தோமஸ் கை என்பவர் தென்கடற் கம்பனியின் பங்குகளை 1720ஆம் ஆண்டின் வீழ்ச்சிக்கு முன்னர் விற்றுப் பெருஞ் செல்வரானார். 1721இல் இவ்வைத்தியசாலையை நிறுவத் தொடங்கினார். அது 1725இல் திறக்கப்பட்டது. தென்கடற் கம்பனி ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆபிரிக்க அடிமைகளை வழங்கும் உரிமை பெற்றிருந்த நிறுவனம் என்பது மனங்கொள்ளத்தக்கது. செல்வர் அக்காலத்தில் வைத்தியசாலைக்குச் செல்வதில்லை. மருத்துவர் அவர்களுடைய இல்லத்துக்குச் சென்றார். அங்கே நோயாளர் எசமானர், மருத்துவர் அவருடைய விருப்புக்கேற்ப ஒழுகுபவர். வைத்தியசாலையில் இவ்வுறவு தலைகீழாயிற்று. மாலுமி, சுமைதூக்குவோன், சலவைப் பெண், பணிப்பெண் ஆகியோர் கட்டிலிற் கிடந்தனர். அவர்களை ஆடை களைந்து நோக்கவும், சிறுநீரைச் சேர்த்துவைக்கவும், இறந்தபின் உடலைத் திறக்கவும் மருத்துவரால் இயன்றது. உறவினர் எதிர்ப்பதுமுண்டு. ஆயினும், ஈமச் செலவுக்கும் வழியற்றவரின் எதிர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும்? 1832இல் இங்கிலாந்தில் நிறைவேறிய உடற்கூற்றுச் சட்டம், உரிமைகோருவாரற்ற ஏழைகளின் உடல்களை உடற்கூற்றுக் கூடங்களுக்கு வழங்க வகைசெய்தது. முன்னர் கொலைக் குற்றவாளிக்குரிய தண்டனையாயிருந்தது வறியவனுக்குரிய விதியாயிற்று.

இவ்வைத்தியசாலையிற் பணியாற்றிய றிச்சட் பிறைற் என்பவர் 1827இல் வெளியிட்ட நோயாளர் பற்றிய அறிக்கைகளின் முதற்றொகுதி சிறுநீரக நோயறிவின் தொடக்கமாகும். அவருடைய முறை மூன்று செய்திகளை ஒருங்கே வைப்பதாயிருந்தது: நோயாளரின் உடல் வீங்கியிருந்தது, அவருடைய சிறுநீர் சூட்டில் உறைந்தது, இறந்தபின் அவருடைய சிறுநீரகங்கள் கடினமுற்றோ, மணிமணியாகத் தடித்தோ, சுருங்கியோ காணப்பட்டன. ஒருவரிடம் இம்மூன்றும் சேர்ந்திருப்பது தற்செயலாகலாம். ஒருவர்பின் ஒருவராகப் பலரிடம் சேர்ந்து வரும்போது அது தற்செயலன்று. வீக்கமிருந்தும் சிறுநீர் உறையாதவரிடம் பெரும்பாலும் ஈரலோ இதயமோ பழுதுற்றிருந்ததையும் அவர் கண்டார். அவருடைய நண்பர் ஜோன் பொஸ்ரொக் இரசாயன ஆய்வு செய்து, சிறுநீரில் இருக்கவேண்டிய யூரியா குறைந்திருப்பதையும், யூரியாவை ஒத்த பொருள் குருதியிற் காணப்படுவதையும் அறிவித்தார். வெளியேறவேண்டியது உள்ளே தங்குகின்றது, உள்ளே தங்கவேண்டிய அல்புமின் வெளியேறுகின்றது என்ற இருமுகக் குறைபாடு இவ்வாறு தெளிவாயிற்று.

பிறைற் பயன்படுத்திய கருவியின் எளிமை வியக்கத்தக்கது. ஒரு கரண்டியிற் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுதிரிச் சுடரின்மேற் பிடித்துப் பார்க்கலாம் என்று அவர் 1836இல் எழுதினார். வறியவர் வீட்டிலும் கரண்டியும் மெழுகுதிரியும் இருக்குமாதலால் எந்த மருத்துவனும் எவ்விடத்தும் இச்சோதனையைச் செய்யக்கூடியதாயிற்று. 1842இல் கைஸ் வைத்தியசாலையில் 42 கட்டில்களைக் கொண்ட இரு விடுதிகள் ஆறு மாத காலத்துக்குச் சிறுநீரக நோயாளருக்கென ஒதுக்கப்பட்டன. ஆய்வுகூடமொன்றும் அவற்றோடு இணைக்கப்பட்டது. ஒரு நோயை ஆராய்வதற்கென்றே நோயாளர் ஓரிடத்தில் திரட்டப்பட்டமைக்கு இது மிக முந்திய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகும். பின்னர் இந்நோய் பிறைற்றின் நோய் என்றே நெடுங்காலம் வழங்கலாயிற்று.

ஆயின், இந்நோய் ஏன் வருகின்றது என்ற வினாவுக்குப் பிறைற் தந்த விடை அவருடைய காலத்தின் விடையேயாகும். குளிரிலும் ஈரத்திலும் அகப்படுதல், மதுப்பழக்கம், செங்காய்ச்சல் என்பவற்றை அவர் எடுத்துக்காட்டினார். இவற்றுட் செங்காய்ச்சல் பற்றிய கணிப்புச் சரியானது. தொண்டையைத் தாக்கும் ஒருவகைப் பற்றீரியத்துக்கு எதிராக உடல் ஆக்கும் பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகளைப் பழுதாக்குகின்றன என்பது இன்று அறியப்பட்டுள்ளது. ஓர் அறையில் எண்மர் உறங்கும் குடியிருப்பில் அக்காய்ச்சல் எளிதிற் பரவும். குளிரும் ஈரமும் உடலிற் பட்டது துறைமுகத்தில் வேலை செய்தமையால். இவ்வாறு வாழ்க்கை நிலைமைகளாகிய காரணங்கள் நோயாளர் குறிப்பில் ஒழுக்கக் குறைபாடுகளின் அருகே, அவற்றைப் போன்றே எழுதப்பட்டன. நுண்ணிய அவதானிப்பும் வர்க்கப் பார்வையும் ஒரே பக்கத்திற் கிடப்பதை அக்கால அறிக்கைகளைப் படிப்போர் காணலாம்.

ஈரலின் கதை சிறிது வேறுபட்டது. மதுவருந்துவோரின் ஈரல் கடினமுறுவதை இலண்டனில் மத்தியூ பெயிலி 1793இல் குறித்திருந்தார். 1819இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக், நெஞ்சறையின் ஒலிகளைப் பற்றிய தம் நூலின் அடிக்குறிப்பொன்றில், மஞ்சட் கபில நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இந்நோய்க்குச் சிறோசிசு என்ற பெயரை ஆக்கினார். அடிக்குறிப்பில் வந்த பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் குருதி முழுவதும் ஈரல் வாயினாளத்தின் வழியாக ஈரலினூடே செல்லவேண்டும். ஈரலில் தழும்பு படர்ந்து அவ்வழி நெருக்குண்டால் பின்னால் அமுக்கம் உயர்கின்றது. வயிற்றறையில் நீர் தேங்குகின்றது. களத்தின் அடியில் நாளங்கள் புடைத்து, ஒருநாள் வெடித்துக் குருதி வாந்தியாகின்றது. காலும் முகமும் மெலிந்திருக்க வயிறு மட்டும் பெருத்திருக்கும் மகோதர நோயாளியின் தோற்றத்துக்கு விளக்கம் இதுவே.

எல்லா வீக்கங்களுக்கும் அடிப்படையான பொறிமுறையை 1896இல் ஏணெஸ்ற் ஸ்ராலிங் விளக்கினார். மயிர்த்துளைக் குழாய்களில் இரு விசைகள் எதிரெதிராகச் செயற்படுகின்றன. குருதியின் அமுக்கம் நீரை வெளியே தள்ளுகின்றது. குருதியிலுள்ள புரதங்கள், சிறப்பாக அல்புமின், நீரை உள்ளே இழுத்துவைக்கின்றன. இச்சமநிலை குலையும்போது நீர் இழையங்களிற் சேர்கின்றது. அல்புமினுக்கு வேண்டிய மூலப்பொருளை உணவிலிருந்து குடல் உறிஞ்சித் தருகின்றது. ஈரல் அதனை ஆக்குகின்றது. சிறுநீரகம் அதனை வெளியேறவிடாது காக்கின்றது. இம்மூன்றில் எது தவறினும் உடல் வீங்கும். வீங்கிய உடலிற் சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைப்பதால் வீக்கம் மேலும் வளர்கின்றது என்பது பின்னர் தெளிவாயிற்று. இரண்டு மூன்று லீற்றர் நீர் மேலதிகமாகச் சேர்ந்த பின்னரே கணுக்காலிற் குழி விழும். அதற்கு முன்னரே நிறை ஏறிவிடும். தாதியின் தராசு அவளுடைய விரலைக் காட்டிலும் கூர்மையானது என்பதன் காரணம் இதுதான்.

ஸ்ராலிங்கின் விளக்கம் வந்தபின் உறுப்புகளுக்கு வெளியேயுள்ள காரணங்களும் கண்ணிற் படலாயின. முதலாம் உலகப் போர்க்காலத்தில் உணவு முற்றுகையால் வாடிய மத்திய ஐரோப்பாவிலே சிறுநீரகமும் இதயமும் பழுதுறாத மக்கள் வீங்கினர். பசி வீக்கம் என்ற பெயர் ஏற்பட்டது. பொற்கரையிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாய்ப்பால் நிறுத்தப்பட்டுச் சோளக் கூழில் வளர்ந்த குழந்தைகளின் வீக்கத்தை 1933இல் விவரித்து, அங்குள்ள மக்கள் வழங்கிய குவாசியோக்கர் என்ற சொல்லையே 1935இல் அதற்குப் பெயராக வைத்தார். புரதக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. வறுமை காரணம் என்பதில் விவாதமில்லை. கல்கத்தாவில் 1877இல் முதன்முதலாகப் பதிவாகிய கொள்ளை வீக்கத்தின் காரணம் இன்னும் வெளிப்படையானது. கடுகெண்ணெயிற் பிரமதண்டு வித்தின் எண்ணெய் கலந்தபோது அதன் நஞ்சு மயிர்த்துளைக் குழாய்களைக் கசியச் செய்தது. 1998இல் டில்லியில் இதே நஞ்சினால் 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே நோய் சிறுநீரகத்திலும் இல்லை, ஈரலிலும் இல்லை, சந்தையில் இருந்தது.

பிறைற்றுக்குப் பிந்திய இம்மருத்துவம் தமிழுக்கு வந்த வழியும் ஈண்டு நோக்கற்பாலது. அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டிலிருந்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். 1860களிற் பயிற்சிமொழியைத் தமிழாக்கினார். மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், மனுஷ சுகரணம் முதலிய நூல்கள் அவருடைய முயற்சியால் வெளிவந்தன. வழக்கிலுள்ள தமிழ், வடமொழிச் சொற்களை முதலிற் கொள்ளல், கிட்டாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இயைய எழுதல் என்ற நெறியை அவர் கடைப்பிடித்தார். கிறீனின் நோக்கம் சமயப் பரப்புரையோடு பிணைந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும், உறுப்புவழி நோயை நோக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழிற் கற்பிக்கப்பட்டது என்ற உண்மை எஞ்சுகின்றது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கிலமொழியில் தொடங்கியது. மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவப் பயிற்சி நீடிக்கவில்லை. நோயாளர் தமிழில் நோவைச் சொல்ல, குறிப்பேடு ஆங்கிலத்தில் எழுதப்படும் நிலை அதன்பின் வழமையாயிற்று.

சிகிச்சையின் வரலாற்றை இங்கு விரிக்க இடமில்லை. நாசி ஆட்சிக்குட்பட்ட நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் 1943இல் செலோபேன் குழாய்களைச் சுற்றிய உருளையொன்றைக்கொண்டு குருதியைச் சுத்திகரித்தார். 1960இல் சியாற்றிலில் பெல்டிங் ஸ்கிறிப்னர் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் ரெஃப்லோன் குழாயை அமைத்ததால் நாட்பட்ட நோயாளருக்கும் இச்சிகிச்சை இயல்வதாயிற்று. இயந்திரங்களோ சில, இறப்போரோ பலர். எவருக்கு இயந்திரம் என்பதைத் தீர்மானிக்க அந்நகரில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு நோயாளரின் தொழில், குடும்பநிலை, சமூகப் பயன்பாடு ஆகியவற்றை எடைபோட்டமை 1962இல் வெளிவந்து பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று.

இதுவரை கூறப்பட்ட வரலாறு முழுவதும் வீக்கத்தினின்று தொடங்கியது. வீங்காத சிறுநீரக நோயாளர் அவ்வரலாற்றுக்கு வெளியே நின்றனர். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் கலன்கோளம் என்னும் வடி உண்டு. அதனைத் தொடர்ந்து நீண்ட சிறுகுழாய் உண்டு. வடிகளின் வழியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவம் வடிகின்றது. சிறுகுழாய்கள் அதிற் பெரும்பகுதியை மீள உறிஞ்சி, ஏறக்குறைய ஒன்றரை லீற்றரையே சிறுநீராக விடுகின்றன. வடி பழுதானால் அல்புமின் ஒழுகும், உடல் வீங்கும். இது பிறைற் கண்ட நோய். சிறுகுழாயும் அதனைச் சூழ்ந்த இழையமும் பழுதானாலோ அல்புமின் மிகச் சிறிதளவே ஒழுகும், முகம் வீங்காது, தொடக்கத்திற் குருதியமுக்கமும் உயராது. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குன்றுவதால் இரவிற் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்க நேரும். சிறுநீரகத்தின் தொழிலிற் பாதியளவு அழிந்த பின்னரே குருதியிற் கிறியற்றினின் தெளிவாக உயரத் தொடங்கும். கரண்டியும் மெழுகுதிரியும் இங்கே பேசுவதில்லை.

இத்தகைய நோய்கள் எவரைத் தாக்கின என்று நோக்கினால் ஒரு பொதுமை புலனாகும். யப்பானில் தொயாமா மாநிலத்தின் ஜின்சு ஆற்றுப்படுகையில் சுரங்கத்தினின்று வெளியேறிய கட்மியம் வயல்களிற் கலந்து, அவ்வரிசியை உண்டவர்களின் சிறுகுழாய்களைப் பழுதாக்கியது, எலும்புகள் நொறுங்கின. ஈற்றாய் ஈற்றாய் என்று வழங்கிய அந்நோயின் காரணத்தை அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. சுரங்கக் கம்பனி மீது வழக்குத் தொடுத்த மக்கள் 1971இல் வென்றனர். தன்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய பல்கேரிய, யூகோசிலாவிய, உரோமானியக் கிராமங்களில் உழவர்களை அழித்த நோய் 1950களில் விவரிக்கப்பட்டது. கோதுமை வயல்களில் வளர்ந்த அரிஸ்ரலோக்கியா என்னும் களையின் வித்து மாவில் அரைபட்டமையே காரணம் என்ற கருத்து 1969இல் முன்வைக்கப்பட்டு, 2007இல்தான் வலுவான சான்றுகளால் நிறுவப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்நோய்க்கு ஊரின் பெயரே நோயின் பெயராயிருந்தது. நம் நாட்டு வைத்தியத்திற் பயிலும் ஈச்சுரமூலியும் அரிஸ்ரலோக்கியா இனத்தைச் சேர்ந்ததே என்பதை நம்மவர் கவனத்திற் கொள்ளுதல் நன்று.

இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தின் நெற்செய்கையாளரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் வழமைக்கு மாறாகப் பெருகுவதை மருத்துவர்கள் கண்டனர். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத நடுவயது ஆண்களே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். மதவாச்சி, பதவியா, கிராந்துருக்கோட்டே ஆகிய இடங்களிலிருந்து தொடங்கிய செய்திகள் பின்னர் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளையும் உள்ளடக்கின. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதே அதன் பெயர். இந்நோயிலும் முதலிற் பழுதுறுவது வடியன்று. சிறுகுழாயும் அதைச் சூழ்ந்த இழையமுமேயாகும்.

காரணங்களாகக் கூறப்பட்டவை பல: கட்மியம், ஆசனிக்கு, கிளைபோசேற்று முதலிய விவசாய இரசாயனங்கள், கடின நீரோடு சேர்ந்த புளோரைட்டு, வெயிலில் நீரின்றி நெடுநேரம் உழைத்தல், மூலிகை மருந்திற் சேரும் அரிஸ்ரலோக்கியா. இவற்றுள் ஒன்றேனும் எல்லோரும் ஏற்கும் வகையில் நிறுவப்படவில்லை. கிளைபோசேற்று 2015இல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைக்கெனத் தடை தளர்த்தப்பட்டது. எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தொழிலாளரிடையே இதனையொத்த நோய் பரவியிருப்பது வெப்பமும் உழைப்பும் பற்றிய ஐயத்தை வலுப்படுத்துகின்றது. எனது கருத்தில், ஒரே நஞ்சைத் தேடும் ஆர்வத்திற் கவனிக்கப்படாமற்போனது உழவனின் வேலைநாளாகும். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றான், எவ்வளவு நீர் குடித்தான், எந்தக் கிணற்று நீரைக் குடித்தான், கடனுக்கு வாங்கிய மருந்தை எவ்வாறு தெளித்தான் என்பவற்றைப் பிரித்துப் பார்ப்பது ஆய்வுகூடத்துக்கு வசதியாயிருக்கலாம்; அவனுடைய வாழ்க்கையில் அவை பிரிந்திருக்கவில்லை.

இந்நோயைத் தேடிச்சென்ற ஆரம்பகாலக் கள ஆய்வுகள் பெரும்பாலும் சிறுநீரிலுள்ள அல்புமினையே அளவுகோலாகக் கொண்டன. இரண்டு நூற்றாண்டுகளாகச் சிறுநீரக நோயாளர் அதனாலேயே அடையாளங் காணப்பட்டு வந்தனர் ஆகையால் அது இயல்பே. பின்னரே குருதியின் கிறியற்றினினை அளந்து வடிதிறனைக் கணிக்கும் முறை முதன்மை பெற்றது. அதற்கு ஊசியும் குருதியும் ஆய்வுகூடமும் வேண்டும். கரண்டிக்கு நேரான எளிய கருவி சிறுகுழாய் நோய்க்கு இன்னும் கிராமத்தை எட்டவில்லை. பாதிக்கப்பட்ட கிராமங்கள் பலவற்றில் நீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் நிறுவப்பட்டுள்ளன. 2021இல் சீன உதவியுடன் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கான தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. அரச வைத்தியசாலைகளிற் குருதிச் சுத்திகரிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பேருந்தேறிச் சென்று, இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் பிணைந்திருந்து மீள்பவனுக்கு அந்நாட்களின் கூலியும் போகின்றது, துணைக்குச் சென்றவரின் கூலியும் போகின்றது.

கிராமத்துச் சிகிச்சை நிலையத்திற் சோதனைத் தாளைச் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் தாதி, நிறம் மாறாததைக் கண்டு அல்புமின் இல்லை என்று எழுதுகின்றாள். கணுக்காலை அழுத்துகின்றாள், குழி விழவில்லை. குருதியமுக்கமும் அளவோடிருக்கின்றது. அந்த உழவனிடம் கேட்டால், இரவில் மூன்று நான்கு முறை எழும்ப வேண்டியிருக்கின்றது என்பான், களைப்பு என்பான், நாரி நோ என்பான். வயலிற் குனிந்து வேலை செய்பவனுக்கு நாரி நோவது வழமைதானே என்று அவனும் எண்ணுகின்றான், எழுதுபவரும் எண்ணுகின்றார். அட்டையில் அதற்கென ஒரு கட்டம் இருப்பதில்லை.